முப்பத்திரண்டு வீட்டுக்குக் குக்கீஸ்

லிஃப்ட் வரத் தாமதமான ஒரு சாயங்காலம், லோகநாயகி ரெஜினாவிடம் இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது குக்கீஸைப் பற்றியது.

"உங்க பொண்ணு ஜாய்ஸ் பர்த்டேக்கு சாக்லேட் குக்கீஸ் சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புனீங்களே, எங்க வீட்ல ஒண்ணுகூட மிச்சமாகல. கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ஹால்ல எல்லாரும் கூடப் போறோம். முப்பத்திரண்டு வீட்டுக்கும் பண்ணித் தர முடியுமா? முட்டை மட்டும் வேணாம். மேல கிறிஸ்மஸ் டிசைன்லாம் போட்டு..."

"பண்ணிடலாம் மேடம்."

"மேடம் எதுக்கு? அக்கான்னு கூப்பிடுங்க. ஆமா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"திருக்கழுக்குன்றம்."

"அடடே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போவோமே நாங்க! அங்க எந்தத் தெரு?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. "ஊருக்குக் கொஞ்சம் வெளிய" என்று சொல்லிக்கொண்டே ரெஜினா அதற்குள் ஏறிவிட்டாள். அது கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற லிஃப்ட். அவளுடைய வீடு இரண்டாவது மாடி. கார்களுக்கு நடுவே இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டுப் படியேறிப் போனாள்.

அவர்கள் கூடுவாஞ்சேரியில் அந்த அடுக்ககத்தில் வீடு வாங்கி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவன் ஜெபக்குமார் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ரெஜினா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், "அந்தக் கண்ணாடி போட்ட அம்மா வரட்டும்" என்பார்கள். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. நரம்பு கிடைக்காத கிழவர்களுக்கும் முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள்.

திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் பிறந்தவள் அவள். அப்பா சின்னராசுவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பிறகு அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்தத் தோட்டவேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் ரெஜினா செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய் டிப்ளமோ முடித்தாள். இதில் எதையும் அவள் அடுக்ககத்தில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை, லோகநாயகி கேட்கும்வரை. லோகநாயகி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கெட்டவர் இல்லை. தண்ணீர் லாரி வராத நாட்களில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார். அவர் விளையாட்டாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி ரெஜினாவின் பின்னாலேயே வந்தது. லேபில் பெயர் எழுதி ஒட்டும்போது வந்தது. கடையில் மைதாவும் கோகோ பவுடரும் வாங்கும்போது வந்தது.

அந்த வாரமே பொன்னி வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

வீடு வீடாகக் குப்பை எடுத்து மாடிப்படி துடைக்கிற ஹவுஸ்கீப்பிங் வேலை. காலையில் மணியடித்ததும் ரெஜினா கதவைத் திறந்தாள். நீலச் சட்டை போட்டு, கையுறையோடு நின்ற பெண் அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏ, சின்னராசு மாமா பொண்ணு ரெஜிதான நீ? இங்கியா கீற? நான்தான் பொன்னி, மூணாவது வூடு!"

ரெஜினாவுக்குத் தெரியாமல் என்ன? பொன்னியின் கல்யாணத்தில் விடிய விடிய ஆடிய சிறுமிகளில் அவளும் ஒருத்தி. ஆனால் எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றாள் ரெஜினா. "குப்பை அங்க ஓரமா இருக்கு. எடுத்துக்கோங்க."

பொன்னியின் சிரிப்பு அப்படியே நின்றது. வாளியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று சொல்லிப் போய்விட்டாள். அதற்கப்புறம் தினமும் மேடம்தான். அந்த 'மேடம்' ஒவ்வொரு காலையும் ரெஜினாவின் காதில் ஊசிபோல இறங்கியது. எறும்பு கடித்த மாதிரி இல்லை, நன்றாகவே வலித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் குக்கீஸுக்கு ஒத்திகை பார்த்தாள். வெறும் சாக்லேட் வேண்டாம், பெப்பர்மிண்ட் சேர்த்து, மேலே வெள்ளையும் பச்சையுமாக ஐசிங் போட்டு, நட்சத்திரமும் கிறிஸ்மஸ் மரமுமாகச் செய்யலாம் என்று முடிவு செய்திருந்தாள். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, மைதாவும் கோகோவும் சலித்துப் போட்டு, எசன்ஸ் பாட்டிலைத் திறந்தாள். ஐந்து சொட்டு விடவேண்டிய இடத்தில் மனசு எங்கேயோ இருக்க, பாதி மூடி அளவு எசன்ஸ் கொட்டிவிட்டது. வீடெல்லாம் தைலம் வாசனை. சரி, சுட்டால் சரியாகும் என்று சுட்டாள்.

ஐந்தாவது படிக்கும் ஜாய்ஸ் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை இடுக்கினாள். "மம்மி, பல்லு வெளக்கின மாதிரி கீது."

"கீது இல்ல. இருக்கு."

"தாத்தா கீதுன்னுதான சொல்றாரு?"

"இங்க இருக்குன்னுதான் சொல்லணும்," என்றாள் ரெஜினா. தேவைக்கு மேலே குரல் உயர்ந்துவிட்டது. குழந்தை கடித்த குக்கீயைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனது.

சனிக்கிழமை லீவு போட்டாள். காலையிலிருந்தே மழை. நூற்றைம்பது குக்கீஸ் வேண்டும், ஓவனில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டுதான் வைக்க முடியும். மாவைத் தட்டையாகத் தேய்த்து ஃபிரிட்ஜில் இறுக வைத்து, அச்சால் வெட்டி, தட்டில் அடுக்கினாள். சாக்லேட் மாவில் ஒரு தொல்லை உண்டு. வெந்ததா கருகியதா என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், வாசனை பிடிக்க வேண்டும். ஓவன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். ஆறாவது தட்டு பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான், ஓவனுக்கு இல்லை. கதவைத் திறக்காமல் உள்சூட்டிலேயே விட்டுவிட்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

"கொஞ்சம் உக்காரேன். நீ நடந்தா கரண்ட் வந்துடுமா?" என்றான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த ஜெபக்குமார்.

கரண்ட் வந்தது. அந்தத் தட்டும் தப்பித்தது. ஆனால் ஐசிங் காயவில்லை. மழை ஈரத்தில், போட்ட கோடுகள் பிசுபிசுவென்று அப்படியே நின்றன. பச்சை வெள்ளையில் கலந்து வழிந்தது. அதைவிட மோசம், அவள் கை. கவரைக் கூம்பாகச் சுருட்டி ஐசிங்கை நிரப்பி, மரத்தின் மேல் வளைவாகக் கோடு இழுத்தால் கோடு நடுங்கியது. நரம்பில் ஊசி இறக்குகிற கை, சர்க்கரையில் ஒரு கோடு போட முடியாமல் தவித்தது.

அப்போதுதான் மணியடித்தது. மழையால் தாமதமாக வந்த பொன்னி.

"குப்பை, மேடம்."

ரெஜினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை முழுக்கப் பச்சை. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. மூடியிருக்கிறதா என்று பார்த்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

"பொன்னிக்கா, உள்ள வாயேன்."

பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். "காலெல்லாம் சேறு."

"பரவால்ல, வா." கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் வேணும்னு அப்படிப் பேசல. எதிர்வூட்டுல..."

"அத்த வுடு," என்றாள் பொன்னி. வாசலை விட்டு நகரவில்லை. "எனக்கு இன்னா தெரியாதா? வூடு வாங்கினுக்கிற, ஏதோ ஒரு பயம். நான் யாராண்ட போயி இன்னா சொல்லப்போறேன்? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது. நீ நிம்மதியா இரு."

அந்த வார்த்தையில் நிம்மதி வரவில்லை. மாறாக, தன்னுடைய பாரத்தைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு குக்கீயை எடுத்து நீட்டினாள். பொன்னி கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கித் தின்றாள்.

"ஜில்லுனு கீது. பெப்பர்மிண்ட்டா? நல்லாத்தான் கீது. ஆனா இது இன்னா, பாம்பு மாரி கோடு போட்டுக்கினு கீற? தட்ட அந்த ஏ.சி. ரூம்புல வையேன், காய்ட்டும்."

வழிந்த கோடுகளை வழித்தெடுத்துத் திரும்பப் போட்ட ரெஜினா, படுத்திருந்த ஜெபக்குமாரை எழுப்பி ஹாலுக்கு அனுப்பிவிட்டு, கட்டில் முழுக்கத் தட்டுகளைப் பரப்பி ஏ.சி.யைப் போட்டாள். இருட்டுவதற்குள் எல்லாம் காய்ந்து இறுகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்த்தள ஹாலில் எண்பது பேர்போலக் கூடியிருந்தார்கள். நீள மேசையில் லோகநாயகி வீட்டுக் கேசரி, கடையிலிருந்து வாங்கிய சமோசா, நடுவே ரெஜினாவின் மூன்று தட்டுக் குக்கீஸ். கறுப்பு மரங்கள்மேல் பச்சை வளைவு, வெள்ளைப் பொட்டு. குழந்தைகள் முதலில் அங்கேதான் பாய்ந்தார்கள். நாலாவது மாடியில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கும் சுஷ்மிதா, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இரண்டு எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். லோகநாயகி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்ளோ அழகு! இத எப்படிக் கடிக்கிறது?" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். ரெஜினாவுக்கு ஒரு நிமிடம் மூச்சு லேசானது.

பொன்னி காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"பொன்னி, உனக்கும் திருக்கழுக்குன்றம்தானே?" என்றார் லோகநாயகி. "நம்ம ரெஜினாவுக்கும் அதான் ஊர். இவங்க வீட்டையெல்லாம் தெரியுமா உனக்கு?"

பொன்னி ரெஜினாவைப் பார்க்கவே இல்லை. "தெரியாதும்மா. ஊரு பெருசு." குனிந்து அடுத்த தட்டை எடுத்தாள்.

அவ்வளவுதான். பேச்சு அதோடு முடிந்திருக்கும். லோகநாயகி ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டார். ஆனால் பொன்னியின் குனிந்த அந்த முதுகு, வேர்த்து நனைந்த நீலச் சட்டை, ரெஜினாவின் கண்ணை விட்டு நகரவில்லை. தனக்காக ஒருத்தி தன்னைத் தெரியாது என்கிறாள். யோசித்துப் பேசவில்லை.

"இன்னாக்கா தெரியாதுன்ற?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவங்க எங்க அக்கா, மேடம். எங்க வூட்லேர்ந்து மூணாவது வூடு. ஏரிக்கர காலனி. நான் அங்கதான் பொறந்து வளந்தேன். அன்னைக்கு நீங்க எந்தத் தெருன்னு கேட்டீங்களே, அதான்."

பக்கத்திலிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னி தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியா?" என்றார் லோகநாயகி. பிறகு, "சரி சரி, ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு, "தம்போலா சீட்டு யார்கிட்ட இருக்கு? ஆரம்பிக்கலாமே" என்று குரல் கொடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஆட்டம் நடந்தது. எல்லோரும் கலைந்த பிறகு, ரெஜினா தட்டுகளை எடுக்கப் போனாள். நாற்பத்தோரு குக்கீஸ் மிச்சம். லோகநாயகி உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில், டிஷ்யூ பேப்பருக்குள், ஓரம் மட்டும் கடித்த ஒரு மரம் இருந்தது. அவர் அதை எப்போது கீழே வைத்தார்? தான் பேசியதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் ரெஜினாவுக்கு நினைவு வரவில்லை.

படியேறும்போது ஜெபக்குமார் கேட்டான்: "இப்ப எதுக்கு அத்தப் போயி சொன்ன?"

"சொல்லக் கூடாதா?"

"நான் அப்டி சொல்லல. என் கம்பெனில மொத நாளே எல்லாருக்கும் தெரியும். என் யூனியன் அப்டி, அங்க எவனும் மறைக்கிறதில்ல. நீதான் வாயத் தொறக்காதன்னு என்னையும் சேத்துக் கட்டிப் போட்ட. இப்ப நீயே தொறந்துட்ட. இனிமே எவன் எப்டிப் பாக்குறான்னு நீ படுத்துக்கினே யோசிப்ப. அதான் எனக்குப் பேஜாரு."

அவன் சொன்னபடியே ஆயிற்று. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாற்பத்தோரு குக்கீஸுக்கும் காரணம் தேடினாள். கீழ்வீட்டு மனிதருக்குச் சர்க்கரை வியாதி, அவர் ரத்தத்தை அவளே எடுத்திருக்கிறாள், அவர் தின்னமாட்டார். சிலருக்குப் பெப்பர்மிண்ட் பிடிக்காது. சமோசா தின்று வயிறு நிறைந்திருக்கும். இத்தனை காரணம் சொல்லியும் சில மிஞ்சின. திங்கட்கிழமை லிஃப்டில் லோகநாயகி, "மழை விடமாட்டேங்குது பாருங்க" என்றார். எப்போதும் போன்ற குரல்தான். எப்போதும் போன்ற குரல்தானா?

செவ்வாய்க்கிழமை சுஷ்மிதா மணியடித்தாள். செய்முறை வேண்டுமாம். பாதி எழுதிக்கொண்டிருந்தவள், பேனாவை நிறுத்தி, தலை நிமிராமலே சொன்னாள்:

"எங்க ஊர் விழுப்புரம் பக்கம்க்கா. தெரு கேட்டா நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடின்னு சொல்லிடுவேன். எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டே கிடையாது."

ரெஜினா அவளைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "வெண்ணெய் எத்தினி கிராம்னு சொன்னீங்க?" என்றாள் சுஷ்மிதா. அந்த ஒரு மணி நேரம் மட்டும் ரெஜினாவின் மனசு ஓரிடத்தில் இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று அப்பாவை வரச்சொல்லியிருந்தாள். குடிவந்தபோது நடந்த வீட்டு ஜெபத்துக்குக்கூட அவரை அழைக்காமல், அடுத்த வாரம் ஒரு வேலைநாள் மத்தியானத்தில் ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து காட்டியிருந்தாள். இந்தமுறை சின்னராசு வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக முன்வாசல் வழியாக வந்து, செக்யூரிட்டியிடம் "என் பொண்ணு வூடு, ரெண்டாவது மாடி" என்று உரக்கச் சொல்லிவிட்டு மேலே வந்தார். பிரியாணிக்குப் பொன்னியும் வந்தாள். சின்னராசுவும் அவளும் ஊர்க்கதை பேசிப் பேசிச் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ரெஜினா இரண்டு தடவை ஜன்னலைச் சாத்தப் போய், சாத்தாமல் திரும்பி வந்தாள்.

ஜனவரி பிறந்தது. பொங்கல் கொண்டாட்டத்துக்கான பட்டியலை லோகநாயகி வாட்ஸாப் குழுவில் போட்டார். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று வீடு வீடாக. சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல், பாயசம். ரெஜினா தன் பெயரைத் தேடினாள். அதற்கு எதிரே 'காகிதத் தட்டு, டம்ளர்' என்று இருந்தது.

அப்போது அவள் லேபில் இருந்தாள். காலை ஏழு மணி. பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இன்னும் மூன்று வீடுகளுக்கும் சாப்பாடு இல்லை. ஒன்றுக்கு மைக் செட், ஒன்றுக்குக் கரும்பு, ஒன்றுக்குக் கோலப்பொடி. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் யார், எந்த ஊர் என்று யோசித்தாள். அப்படி யோசிப்பது பிடிக்காமல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஜெபக்குமாருக்கு அனுப்பலாமா என்று நினைத்தாள். அனுப்பவில்லை. வெளியே வரிசையில் ஒருவர் இருமினார்.

"தட்டு, டம்ளரோட பெப்பர்மிண்ட் குக்கீஸும் கொண்டு வர்றேன். முட்டை போடாதது," என்று குழுவில் எழுதி அனுப்பினாள்.

சுஷ்மிதாவிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. அப்புறம் கீழ்வீட்டுக்காரர் ஒருவரிடமிருந்து. குழுவின் பெயருக்குக் கீழே 'லோகநாயகி டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. ரெஜினா போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது உறை மாட்டிக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.